ஆளுக்கு அரை முட்டை

'ஆய்வு' என்ற சொல்லைச் சேர்த்தவர் பூவனநாதன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்ததற்கெல்லாம் நான்தான் காரணம் என்று என் தலையில் கட்டிவிடுவார்கள்.

கோவில்பட்டிக்கு வெளியே, மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழக வளாகம். அங்கே நான் பொருளாதாரத் துறைத் தலைவர். வருகிற மே மாதம் ஓய்வு. போவதற்குள் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்திவிட்டுப் போங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பொருள், உலக நாடுகளின் உணவுப் பாதுகாப்பு. நைரோபியிலிருந்து ஒருவர், கண்டியிலிருந்து ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து நாலு பேர் என்று ஆள் பிடித்தாகிவிட்டது. நைரோபிக்காரரால் ஒரு தொந்தரவும் இல்லை. கோயம்புத்தூர்க்காரர்கள்தான் ஏசி அறை கேட்டுத் தினமும் உயிரை எடுத்தார்கள்.

ஏற்பாட்டுக் குழுவில் மூன்று பேர். நான், தமிழ்த் துறை பூவனநாதன், என் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சுடலைக்குமார். அழைப்பிதழுக்குத் தலைப்பு வைக்கிற கூட்டம் ஒரு முழுப் பிற்பகலைத் தின்றது. 'பன்னாட்டு உணவுப் பாதுகாப்புக் கருத்தரங்கு' என்று நான் எழுதி வைத்திருந்தேன். பூவனநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஒரு சொல் கூடப்போகிறது என்று அர்த்தம்.

"வெறும் கருத்தரங்குன்னா கல்யாண மண்டபத்துல கூடிப் பேசுத மாதிரி இருக்கும்மா. 'உணவுப் பாதுகாப்பு ஆய்வு'ன்னு போடுங்க. கனமா இருக்கும்."

"கனம் எதுக்கு அண்ணாச்சி? நாம என்ன மூட்டையா தூக்கப் போறோம்?" என்றேன்.

"தர மதிப்பீட்டுக்கு வாரவங்க அந்தச் சொல்லத்தான் தேடுவாவ. இல்லன்னா மார்க்கு போட மாட்டாவ."

மதிப்பீடு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் எங்கள் வளாகத்தில் யாரும் வாயைத் திறப்பதில்லை. நானும் மூடிக்கொண்டேன். மேலே பெரிய எழுத்தில் 'உணவுப் பாதுகாப்பு ஆய்வு', கீழே பொடி எழுத்தில் 'பன்னாட்டுக் கருத்தரங்கு', அடியில் 'ஒருங்கிணைப்பாளர் முனைவர் ப. ராமலட்சுமி', பக்கத்தில் பல்கலைக்கழக முத்திரை. பார்க்கக் கனமாகத்தான் இருந்தது.

அடுத்தது மதியச் சாப்பாடு. மதுரையிலிருந்து ஒரு பெரிய கேட்டரிங்காரர் பட்டியல் அனுப்பியிருந்தார். பனீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், இரண்டு வகை ஐஸ்கிரீம். உலகத்தின் பசியைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்குக் கோபி மஞ்சூரியன் போடுவதில் எனக்கு இஷ்டமில்லை. வேறு ஆள் இருந்தால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மதுரைக்காரருக்கு முன்பணம் போய்விடும் என்றார் பூவனநாதன். 

அந்த வாரம் நான் என் வரவேற்புரையை எழுதிக்கொண்டிருந்தேன். முப்பது வருஷமாக வகுப்பில் சொல்லிவரும் ஓர் உதாரணத்தை அதில் சேர்த்திருந்தேன். ஒரு நாட்டில் எவ்வளவு உணவு இருக்கிறது என்பது வேறு, ஆளுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு. நான் படித்த காலத்தில் எங்கள் ஹாஸ்டலில் புதன்கிழமை தவறாமல் முட்டை உண்டு, ஆனால் ஆளுக்கு அரை முட்டை. இந்த இடத்தில் பிள்ளைகள் எப்போதும் சிரிப்பார்கள். சிரித்த பிறகு பாடம் நன்றாக இறங்கும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது எதிர் மேஜையில் சுடலைக்குமார் மதியப் பொட்டலத்தைப் பிரித்தான். அவனுக்குக் கயத்தாறில் வாடகை வீடு. காலையில் வரும்போது அங்கே ஒரு மெஸ்ஸில் சாப்பாடு கட்டி வாங்கி வருவான். பிரித்ததும் வந்த புளிக்குழம்பு வாசனையில் நான் பேனாவை மூடி வைத்தேன்.

"நல்ல மெஸ்ஸு மேடம்," என்றான். "அந்த அக்காதான் கொஞ்சம் வாய். ராத்திரி நேரமாயிட்டுன்னா போனப் போட்டு, 'எடுத்து வைக்கவா, நாய்க்குப் போடவா'ன்னு கேப்பாவ."

நான் அவனை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

"எடுத்து வைக்கவா, நாய்க்குப் போடவா. இதான் மேடம். எல்லார்ட்டயும் இப்படித்தான்."

"அவிய பேரு என்ன?"

"வள்ளிமயிலு. மெஸ்ஸுக்கும் அதான் பேரு."

"இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கா?"

"இருக்கு. உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். கல்லூரி ஹாஸ்டலில் இரண்டு வருஷம் ஒரே அறையில், ஒரே கொடியில் பாவாடை தாவணி காயப்போட்டவர்கள் நாங்கள்.

எப்போதும்வென்றான் என்கிற கிராமத்திலிருந்து கோவில்பட்டிக்குப் படிக்க வந்தவள் நான். வீட்டிலிருந்து ஹாஸ்டல் கட்டணம் மட்டும்தான் வரும். புத்தகத்துக்கும் சோப்புக்கும் நானே வழி பார்க்க வேண்டும். கல்லூரி விட்டதும் ஊருக்குள் ஒரு தீப்பெட்டி ஆபீசில் டைப் அடிக்கப் போவேன். முடித்துவிட்டு டவுன் பஸ் பிடித்து, ஹாஸ்டலுக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கினால் மணி ஏழரை ஆகிவிடும். ஹாஸ்டல் மெஸ்ஸை ஏழு மணிக்கே இழுத்துப் பூட்டிவிடுவார்கள். மேட்ரன் வெயிலுகந்தம்மாளின் சட்டம் அது. தினமும் வாசலில் நின்றுகொண்டு, "ஏழரை வந்துட்டாளா?" என்று கேட்பார். அதுவே எனக்குப் பெயராகிவிட்டது. சனீஸ்வரனுக்குப் பிறகு அந்தப் பெயரால் அழைக்கப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐப்பசி மழையில் விலக்கிலிருந்து ஹாஸ்டலுக்கு நடப்பது ஒரு தண்டனை. கரிசல் மண் செருப்பில் அப்பி அப்பி, பாதி வழியில் ஆளுக்கு அரை அடி உயரம் கூடிவிடும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பசியோடு வந்து சேருவேன். அறையில் என் கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்து மூடியிருக்கும். பக்கத்துத் தம்ளரில் சாம்பார். "எடுத்து வச்சிருக்கேன்ட்டி. இன்னும் கொஞ்சம் நேரமாயிருந்தா நாய்க்குப் போட்டிருப்பேன்" என்பாள் வள்ளி. ஹாஸ்டலில் நாயே கிடையாது.

ஆள் நேரில் வராவிட்டால் தட்டு கிடையாது என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். நீ மட்டும் எப்படி வாங்குகிறாய் என்று கேட்டேன். "மேட்ரன் நம்ம ஆளு" என்றாள். நானும் நம்பினேன். யாரையும் பேசியே வளைத்துவிடுகிற வாய் அவளுக்கு.

அந்தத் தட்டு இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. சோறு ஒரு பக்கம் குவிந்தும், மறு பக்கம் வரப்பு வெட்டினமாதிரி நேராகவும் இருக்கும். அண்டாவிலிருந்து கரண்டியால் வெட்டி வைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். புதன்கிழமை அதன் ஓரத்தில் அரை முட்டை. கத்தி பட்ட பிசிறுகூட இல்லாமல் அவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கும். நான் சாப்பிட, அவள் எதிர்க் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அன்றைய ஹாஸ்டல் வம்புகளை ஒன்று விடாமல் சொல்லுவாள். சொல்லி முடித்ததும் ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். அது அவளுடைய பழக்கம்.

எத்தனையோ ஊரில், எத்தனையோ நல்ல சாப்பாடு சாப்பிட்டாகிவிட்டது. அந்தக் கட்டிலடித் தட்டை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. யாரோ ஒருத்தி நமக்காக எடுத்து வைத்திருக்கிறாள் என்ற நிச்சயத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த நாட்கள் அவை. அதற்குப் பிறகு அந்த நிச்சயம் எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

இரண்டாம் வருஷப் பரீட்சைக்கு நடுவிலேயே அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு லாரி ஓட்டுகிற வேலை, எந்த ஊரில் இருப்பார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். மூன்றாம் வருஷம் முழுக்க நான் பஸ் ஸ்டாண்டில் டீயும் பன்னும் தின்றுவிட்டு வந்தேன். பிறகு நான் மேல்படிப்பு, வேலை என்று ஊர் ஊராகப் போய்விட்டேன். நாற்பது வருஷம் ஆகப் போகிறது. இப்போது பார்த்தால், தினமும் என் எதிர் மேஜையில் அவள் சமைத்த குழம்பு வாசம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் குழுவில் சொன்னேன். சாப்பாடு வள்ளிமயில் மெஸ் என்று. பூவனநாதன் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் ஒன்றும் சேர்க்கவில்லை. அந்த அம்மா சம்மதித்தால் சரி, அடுத்த வெள்ளிக்கிழமை காலைக்குள் ஆளைக் கூட்டி வாருங்கள் என்றார்.

உண்மையைச் சொன்னால் சாப்பாடு ஒரு சாக்கு. ஓய்வு பெறுவதற்குள் நான் பேசுகிற மேடைக்கு முன்னால் அவள் ஒரு முறை உட்கார வேண்டும். பேசி முடித்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக் குழுவில் சொல்ல முடியுமா.

அங்கேதான் எனக்குக் குறும்புப் புத்தி வந்தது. அழைப்பிதழ் ஒன்றைச் சுடலைக்குமாரிடம் கொடுத்து, "இந்த மேடம் உங்களப் பாக்கணும்னாவன்னு மட்டும் சொல்லுங்க. நான் யாருன்னு மூச்சு விடக்கூடாது" என்றேன். இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு ராமலட்சுமி. முனைவர் ப. ராமலட்சுமி என்றால் அவளுக்கு எப்படித் தெரியும். என் அறைக்கு வந்து கதவைத் திறந்ததும் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையும் சுடலைக்குமார் கையில் பொட்டலம் இல்லாமல் வந்தான்.

"மெஸ்ஸு பூட்டிக் கெடக்கு மேடம். மூணு நாளாவுது, நாளைக்குத் தெறந்துருவாவன்னு நானும் சொல்லாம இருந்துட்டேன். 'மராமத்து வேலை நடைபெறுகிறது'ன்னு அட்டை தொங்குது."

"என்ன மராமத்து?"

"ஒண்ணும் இல்ல. நான் குடுத்த நோட்டீச அந்த அக்கா படிச்சுப் பாத்துட்டு மொகமே மாறிட்டு. மொதல்ல நான் கவனிக்கல. இன்னைக்குப் பக்கத்து டீக்கடையில வெசாரிச்சேன். உணவுப் பாதுகாப்பு ஆய்வுக்கு யுனிவர்சிட்டியில இருந்து ஒரு பெரிய மேடம் வாராவளாம், வெளிநாட்டு ஆபீசர்களும் கூட வாராவளாம்னு வரிசை பூராப் பேச்சு. டீ மாஸ்டரு தலைக்கு வலையும் கையில உறையும் மாட்டிக்கிட்டு டீ ஆத்துதாரு மேடம். வடை எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிட்டு. ஈ உக்காரதுக்கு எடமில்ல."

நான் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். உணவுப் பாதுகாப்பு ஆய்வு. கடை வைத்திருப்பவள் கண்ணால் படித்தால் அதற்கு வேறு என்ன பொருள் வரும்? ஓட்டலுக்குள் புகுந்து எண்ணெய்ச் சட்டியை மோந்து பார்க்கிற அதிகாரிகளின் துறைக்கும் உணவுப் பாதுகாப்பு என்றுதான் பெயர். அவர்கள் வருவதற்கும் ஆய்வு என்றுதான் பெயர். பூவனநாதனிடம் போய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "சொல்லுல பிழை இல்லம்மா" என்றார்.

போனில் பேசலாம் என்றால், சுடலைக்குமாரிடம் இருந்த நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலை மதுரைக்காரருக்கு முன்பணம் போகும். அதைவிட மோசம், நாற்பது வருஷம் கழித்துக் கிடைத்தவளை நானே பயமுறுத்தி விரட்டியிருக்கிறேன். 

கோயம்புத்தூர்க்காரர்களோடு மதியம் முழுக்கப் பேசிச் சாப்பாடும் போயிற்று. சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஏறிவிட்டேன். மழை பிடித்திருந்தது. இடைசெவலைத் தாண்டும்போது வெளிச்சம் போய்விட்டது. காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் தெரிந்தன. கண்டக்டர் வழக்கம்போல, பஸ் கயத்தாறு ஊருக்குள் வராது என்று சொல்லிப் பைபாஸிலேயே இறக்கிவிட்டார். குறுக்கே நடந்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் கரிசல் அப்பிக்கொண்டது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மணி பார்த்தேன், ஏழரை தாண்டியிருந்தது. தனியாக நின்று சிரித்துக்கொண்டேன்.

மெஸ்ஸின் ஷட்டர் இறக்கியிருந்தது. அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தது. தட்டினேன்.

"யாரது?"

குரல் கொஞ்சம் தடித்திருந்தது. மற்றபடி அதே குரல்தான். 

"யுனிவர்சிட்டியில இருந்து வாரேன்."

உள்ளே ஒரு பாத்திரம் உருண்டது. பிறகு ரொம்பப் பணிவாகப் பதில் வந்தது. "மேடம், மெஸ்ஸு மராமத்துல கெடக்கு. பெயிண்டு அடிச்சுக்கிட்டிருக்கோம். லைசென்சு எல்லாம் இருக்கு மேடம், வேணும்னா சன்னல் வழியாக் காட்டுதேன். காய்ச்சுன எண்ணெய மறுபடியும் நாங்க தொடுதது கிடையாது."

"லைசென்சு கெடக்கட்டும்," என்றேன். "எடுத்து வச்சிருக்கியா, நாய்க்குப் போட்டுட்டியா?"

 ஷட்டர் ஒரு முழம் ஏறியது. முதலில் அவள் என் வெறுங்காலைத்தான் பார்த்திருப்பாள், கரிசல் அப்பிய காலை. மீதி ஷட்டர் ஒரே வீச்சில் மேலே போனது.

"ஏழரை," என்றாள்.

முடி முழுக்க நரைத்திருந்தது. புருவத்தில் அதே வெட்டு. என் கையிலிருந்த செருப்பை வாங்கி மூலையில் போட்டாள். என் தோளைப் பிடித்துத் திருப்பி, முன்னும் பின்னும் பார்த்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை, திட்டினாள்.

"ஏட்டி, நீதான் அந்த இன்ஸ்பெக்டரா? மூணு நாளா யாவாரத்தக் கெடுத்துட்டியே. அந்த டீ மாஸ்டரு ராத்திரி தூங்கும்போதுகூட அந்த வலையக் கழத்தலையாம்."

"ஆய்வுன்னா அது படிப்பு சம்பந்தப்பட்டது வள்ளி."

"எங்களுக்கு என்னட்டி தெரியும்? கரண்டு ஆபீசுக்காரன் வந்தாலும் ஆய்வு, எடைக்கல்லுப் பாக்கவன் வந்தாலும் ஆய்வு. எவன் அந்தத் தலைப்ப வச்சது?"

"தமிழ் வாத்தியாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், "சாப்பிட்டியா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். காலையிலிருந்தே இல்லை.

அவள் சமையல்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய அடுப்புகள் எல்லாம் அணைந்து, அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. "வீட்டுக்காரரு மக வீட்டுக்குப் போயிருக்காவ. கடையும் இல்ல. எனக்கு மட்டும் ஒரு பிடி வடிச்சேன்," என்று முனகிக்கொண்டே உள்ளே போனாள். அவளுக்காகப் போட்டு வைத்திருந்த ஒரு தட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். சோறு, ஓரத்தில் அவித்த முட்டை ஒன்று, தம்ளரில் புளிக்குழம்பு. பக்கத்தில் இன்னொரு காலித் தட்டை வைத்தாள்.

பேசிக்கொண்டேதான் செய்தாள். மகளுக்கு இரண்டாவது பிரசவம், மருமகன் நல்ல மாதிரி என்று சொல்லிக்கொண்டே, உள்ளங்கையின் ஓரத்தால் சோற்றின் நடுவில் ஒரு கோடு கிழித்தாள். பாதியை அலுங்காமல் காலித் தட்டுக்குத் தள்ளினாள். ஒரு பக்கம் குவிந்தும், மறு பக்கம் வரப்பு வெட்டினமாதிரி நேராகவும் இருந்தது. பிறகு பொட்டலம் கட்டுகிற நூல்கண்டிலிருந்து ஒரு சாண் இழுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் விறைப்பாகப் பிடித்து, முட்டையின் மேல் வைத்து அழுத்தினாள். முட்டை பிசிறில்லாமல் இரண்டாக விழுந்தது. ஒரு பாதியை எடுத்து என் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வள்ளி, ஹாஸ்டல்ல புதன்கிழமை ஆளுக்கு எத்தன முட்டை?"

"ஒண்ணு. இப்ப என்னத்துக்குக் கேக்க?"

"அரை இல்லையா?"

 அவள் குழம்பை ஊற்றினாள். "பேசாம சாப்பிடு. ஆறிரும்."

"மேட்ரன் நம்ம ஆளுன்னு சொன்னியே."

"வெயிலுகந்தம்மாவா? அவ பெத்த தாய்க்கே ஆளு கிடையாது. வரிசையில நிக்கலன்னா தட்டு இல்ல, அவ்வளவுதான். சாப்பிடுட்டின்னா."

சாப்பிட்டேன்.  பத்தொன்பது வயதில் எனக்கு இருந்த பசி அவளுக்கும் இருந்திருக்கும். அதை நான் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. முப்பது வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரை முட்டை என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். வரவேற்புரையில் அந்த வரியை அடித்தாக வேண்டும். அடித்துவிட்டு அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வள்ளி எனக்கு முன்பே சாப்பிட்டு முடித்தாள். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, உன் கூட்டத்துக்கு எத்தன பேரு வாராவ?"

"நூத்தம்பது பேரு. நீதான் சமைக்கணும். முன்னால உக்காந்து நான் பேசுததையும் கேக்கணும்."

"பேசுததையெல்லாம் கேக்கேன்." என் தட்டில் மிச்சமிருந்த பருக்கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அங்கன ஆளுக்கு ஒரு தட்டு உண்டுல்லா?"

"உண்டு," என்றேன்.

"அப்ப வாரேன்," என்றாள்.